லாரிக்குத் தெரியாதவள்

பதினெட்டு முடிந்த மறுநாள் காலையிலிருந்து தர்ஷிகா லாரிகளின் கண்ணுக்குத் தெரியாமல் போனாள்.

மனிதர்களுக்குத் தெரிந்தாள். தெருநாய்க்குத் தெரிந்தாள். ஆளில்லாமல் ஓடுகிற லாரி, பஸ், பால் வண்டி, தண்ணீர் வண்டி, இவற்றுக்கு மட்டும் தெரியவில்லை. சாவதற்கு அது போதும். சங்ககிரியில் பைபாஸுக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, லாரிப்பேட்டை எல்லாம் அந்தப் பக்கம்.

அவள் அப்பா செங்கோட்டுவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். அரசாங்கப் பதிவில் பெயர் உள்ள ஆள் ஒருவர் ஒட்டி நின்றால் வண்டி அவருக்காக நிற்கும். பக்கத்தில் இருப்பவரும் அந்த நிழலில் பிழைத்துக்கொள்ளலாம். இது எந்த அறிவிப்பிலும் வந்ததல்ல. பதியாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொண்டது.

"கை வலிக்குதுங்கப்பா. இத்தனை இறுக்கியா புடிப்பாங்க?"

"கம்முனு வா."

"வேர்வை வேற. வழுக்குது."

அவர் பிடியைத் தளர்த்தவில்லை. தன் வயதில் பாதியை லாரி ஓட்டியே கழித்தவர். லாரிக்கு அடியில் போன உடம்பை இரண்டு முறை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. முதல் லாரி வேகம் குறைந்து, அவருக்கு நேராக வந்து நின்றது. கேபினில் யாரும் இல்லை. கண்ணாடிக்கு மேலே வரிசையாகப் பதித்த சிறிய கறுப்புக் கண்கள் அவரைப் பார்த்தன. மகளைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. முதுகுத்தண்டில் தெரிந்தது.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்தான் மூச்சு விட்டார்.

பேட்டை வாசலில் நாச்சிமுத்துவின் டீக்கடை. நாச்சிமுத்து ஒரு காலத்தில் செங்கோட்டுவேலிடம் கிளீனராக இருந்தவன். லாரிகளுக்கு டிரைவரே வேண்டாம் என்று ஆன பிறகு கிளீனர் எதற்கு? பாய்லர் வாங்கிப் போட்டுக்கொண்டான். செங்கோட்டுவேலுக்குப் பேட்டையில் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கிற வேலை.

"வாங்கண்ணா. பொம்மையும் வந்துருச்சாட்ட?"

"நாச்சி, வாயை வெச்சுட்டுச் சும்மா இரு."

"நான் என்னங்ணா பொய்யா சொல்றன்? கவருமெண்டே அப்படித்தான சொல்லுது."

"மாமா," என்றாள் தர்ஷிகா, "பொம்மைக்கு ஒரு டீ போடுங்க. சர்க்கரை கம்மியா."

நாச்சிமுத்து சிரித்தான். செங்கோட்டுவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

பதிவு, அவளுக்குப் பதினெட்டு முடிவதற்கு முந்தின வாரம், ரயிலடிப் பக்கம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பதிவுக் கூண்டு இருந்த அறையின் மேல் 'மணமகள் அறை' என்ற பலகையை யாரும் கழற்றவில்லை.

அந்த வருடம் பதினெட்டு ஆகிற பிள்ளைகளும் பெற்றவர்களும் உட்கார்ந்திருக்க, அதிகாரி ஜெபராணி எழுந்து பேசினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், மெதுவான குரல். முன்வரிசையில் இருந்த ஒரு தறிக்காரர் கையைத் தூக்கினார்.

"பதியலீன்னா செயிலுங்களா அம்மிணி?"

"ஜெயில் எல்லாம் கிடையாதுங்க ஐயா. அபராதம் இல்லை. போலீஸ் வராது. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதே இல்லை."

"அப்பறம் பதியாம இருந்தா என்னுங்க ஆயிரும்?"

"வண்டி நிக்காது."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"சண்டை ஆரம்பிச்ச புதுசுல எதிரி என்ன செஞ்சான் தெரியுமா?" என்றாள் ஜெபராணி. "ஆள் மாதிரி பொம்மை செஞ்சு ரோட்டுல நிறுத்தினான். உள்ளே உடம்புச் சூடு, கை கால் அசைவு, எல்லாம் அச்சு அசல். நம்ம வண்டி மனுஷன்னு நினைச்சு நின்னுரும். நின்ன வரிசையை மேலே இருந்து அடிச்சான். அதனால இப்ப எல்லா வண்டிக்கும் ஒரே விதி. பதிவுல இருக்கிற ஆளுக்கு நிக்கும். பதிவுல இல்லாதது பொம்மை."

"எம்புள்ளை பொம்மையாங்க?"

"பதிஞ்சுட்டா இல்லை. இதுவரைக்கும் உங்க பதிவுல பிள்ளையும் இருந்தது. பதினெட்டுக்கு மேல தனிப் பதிவு. அதுவேதான் ராணுவப் பதிவும். ரெண்டும் ஒண்ணு."

"ரெண்டையும் ஏனுங்க ஒண்ணாக்குனீங்க?"

ஜெபராணி அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள் போல. "செலவு கம்மி," என்றாள்.

கூண்டுக்குள் போனால் நடை, உயரம், உடம்புச் சூடு எல்லாவற்றையும் அளப்பார்கள். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வரும். உத்தரவு வந்தால் ஆயுதம் எடுப்பீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். தர்ஷிகா உள்ளே போனாள். மற்ற பிள்ளைகள் போன சுருக்கில் வந்தார்கள். இவள் வரவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "போலாமுங்கப்பா" என்றாள்.

"ஆயிருச்சா?"

"இல்லை. 'இல்லை'ன்னு அழுத்துனேன். 'பதில் ஏற்கப்படவில்லை, மீண்டும் முயலவும்'னு வந்துச்சு. மறுக்காவும் அழுத்துனேன். மறுக்காவும் அதே. அப்பறம் கெளம்பி வந்துட்டேன்."

செங்கோட்டுவேல் அவளைக் கதவோரம் இழுத்தார். "ஏங்கண்ணு? எல்லாரும் ஆமான்னு அழுத்திப்போட்டுத்தான வாராங்க?"

"எல்லாரும் நெசமாவா அழுத்தறாங்க?"

"நெசமோ பொய்யோ, அழுத்தறாங்கல்ல?"

"சுடுவியான்னு கேக்கறாங்கப்பா. மாட்டேன். மாட்டேங்கறத எப்படி ஆமான்னு சொல்றது?"

அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் வாத்தியார் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று எழுதிவிட்டு வருவாள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத மாட்டாள். அதைப் பிடிவாதம் என்று அவள் அம்மா இருந்தவரை திட்டினாள். அவள் போன பிறகு திட்டுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை. அப்போதெல்லாம் அது சும்மா ஒரு குணமாக இருந்தது. இப்போது கொல்லக்கூடிய வியாதியாகிவிட்டது.

*

கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிய அந்த முதல் நாளுக்குப் பிறகு, சில நாட்கள் அவளை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். கதவைப் பூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனார். வேலையில் மனம் நிற்கவில்லை. தெருவில் தண்ணீர் வண்டி வரும், குப்பை வண்டி வரும். ஏதோ நினைப்பில் வாசலைத் தாண்டிவிட்டால்?

கல்லூரியில் சேரலாம் என்று போனார்கள். வாசல் கேட் திறக்கவில்லை. காவலுக்கு இருந்தவர் நல்ல மனிதர், கையால் தள்ளித் திறந்துவிட்டார். உள்ளே லிஃப்ட் அவள் ஒரு காலை வைத்திருக்கும்போதே மூடத் தொடங்கியது. செங்கோட்டுவேல் தன் தோளைக் கொடுத்து நிறுத்தினார். திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் இடைப்பாடிப் பக்கம் பதியாத பையன் ஒருவனைப் பால் வண்டி அடித்துவிட்டது. அவன் அம்மா பத்தடி தள்ளிக் காய் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வண்டி அடித்த பிறகும் நிற்கவில்லை, அடுத்த தெருவில் போய்ப் பால் ஊற்றிக்கொண்டிருந்தது. விபத்து அறிக்கையில் 'பொருள் மோதல், வண்டிக்கு முன்பக்கச் சேதம்' என்று இருந்ததாம். நாச்சிமுத்துதான் செய்தியைச் சொன்னான். சொல்லிவிட்டு அன்று அவன் அவளைப் பொம்மை என்று கூப்பிடவில்லை.

அதிலிருந்து செங்கோட்டுவேல் மகளைக் கூடவே வைத்துக்கொண்டார். தூங்கும்போது கூட அவர் உள்ளங்கை மூடியே இருந்தது. ரோட்டில் போகும்போது அவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். கக்கூஸுக்குப் போனால் வெளியே நின்றார். பதினெட்டு வயதுப் பெண் அதைப் பொறுத்துக்கொண்டது அவளுக்கும் பயமாக இருந்ததால்தான். அவள் வாயால் அதைச் சொல்லவில்லை. ஆனால் எங்கோ வண்டிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புவாள். ஆடு திருப்புகிற மாதிரி.

பேட்டையில் ஒரு நாள் மதியம் சிமெண்டு ஏற்ற ஒரு பதினாறு சக்கர வண்டி வந்தது. ஏற்றுமேடையின் சுவரை ஒட்டிப் பின்னால் வர வேண்டும்.

லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் எடுக்கிற வண்டியை யாராவது ஒருவர் பின்னே நின்று கூப்பிட வேண்டும். இரண்டு கையையும் தூக்கி, வரட்டும், வரட்டும் என்று விரலை மடக்கி மடக்கிக் கூப்பிடுவார்கள். நிற்க வேண்டிய இடம் வந்ததும் பாடியில் இரண்டு தட்டு. தட்டினால் டிரைவர் நிறுத்திவிடுவார். ஆளில்லா வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. அளந்து கொண்டுவந்து நிறுத்தும். ஆனாலும் பேட்டைக்காரர்கள் நிற்கத்தான் செய்தார்கள். வண்டி பின்னால் வரும்போது சும்மா இருக்க அவர்களுக்குக் கை வராது. இளசுகள் அவர்களைக் கேலி செய்தார்கள்.

வண்டி பின்னால் வரத் தொடங்கியது. செங்கோட்டுவேல் இரண்டு கையையும் தூக்கினார்.

"வரட்டும்... வரட்டும்..."

இரண்டு கையையும்.

பக்கவாட்டில் நான்கு எட்டு நகர்ந்து, சக்கரம் தெரிகிற இடத்துக்குப் போனதும் அதே பழக்கத்தில்தான். மகளை விட்டு விலகியது அவருக்குத் தெரியவே இல்லை. வண்டி அவரைப் பார்த்தது. மரியாதையாக அவருக்கு இடம்விட்டு, சற்றே ஒதுங்கி, சுவர்ப் பக்கமாக வந்தது. சுவர்ப் பக்கம் தர்ஷிகா நின்றிருந்தாள்.

அவள் ஓடியிருக்கலாம். ஓட இடம் இருந்தது. ஆனால் அவள் இந்தப் பேட்டையில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து லாரிக்குப் பின்னே நின்று விளையாடியவள். வண்டி கிட்டே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். பாடியில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

கேட்பதற்கு உள்ளே யாரும் இல்லை.

அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது. முகம் மாறியது. மறுபடி தட்டினாள், இந்தத் தடவை இரண்டு கையாலும், நிற்காமல். "அப்பா" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலில்தான் வந்தது. முதுகு சுவரில் ஒட்டிவிட்டது. வண்டியின் பின்பக்க டெயில் போர்டு அவள் நெஞ்சைத் தொட்டது.

செங்கோட்டுவேல் இடுக்கில் பாய்ந்தார். தோள், தலை, ஒரு கால், எது உள்ளே போனதோ அதைக் கொடுத்தார். வண்டி உடனே நின்றது. ஒரு மயிரிழை கூட அதற்குமேல் நகரவில்லை. அத்தனை நல்ல பிரேக்கு.

நாச்சிமுத்து ஓடிவந்து அவளை வெளியே இழுத்தான். நெஞ்சுக்குக் குறுக்கே சட்டையில் கறுப்பாகக் கிரீஸ் கோடு. அவள் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செங்கோட்டுவேல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணா, தண்ணி குடிங்க," என்றான் நாச்சிமுத்து. "இந்தப் புள்ளையக் கொண்டுபோய் அந்தக் கருமத்தை அழுத்த வெய்யுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

*

மறுநாள் அவர் தனியாக மண்டபத்துக்குப் போனார். தர்ஷிகாவை நாச்சிமுத்துவின் மனைவியிடம் விட்டிருந்தார்.

ஜெபராணி டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். அவர் நடந்ததைச் சொன்னார். 

"வேற வழி எதாச்சும் இருக்குங்களா? எம் பதிவுலயே அவளை வெச்சுக்கற மாதிரி?"

"ஒண்ணு இருக்கு. பிள்ளைக்குச் சுயமா முடிவெடுக்கிற புத்தி இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். அப்ப கடைசி வரைக்கும் உங்க பதிவுல இருக்கலாம்."

"அப்பறம்?"

"படிப்பு, வேலை, கல்யாணம், ஓட்டு எதுவும் அவங்க பேர்ல வராது. உங்களுக்கு அப்புறம் அவங்களை யாராவது ஏத்துக்கணும். ஏத்துக்கலைன்னா..." கையை விரித்தாள்.

"அதுக்கு அவ லாரியிலயே விழுந்துக்குவா."

"நிறைய அப்பாக்கள் எழுதிக் கொடுக்கிறாங்க ஐயா."

அவர் மணமகள் அறைக் கதவைப் பார்த்தார். ஒரு பையன் உள்ளே போய், சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தான்.

"எம்மவ மாதிரி 'இல்லை'ன்னு அழுத்தறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"பாதிப் பேர்," என்றாள் ஜெபராணி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முதல் தடவை பாதிப் பேர் 'இல்லை'தான் அழுத்துறாங்க. நாங்க திரும்பக் கூப்பிடறதே இல்லை. லாரி கூட்டிட்டு வந்துரும்."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"பதிஞ்சுட்டு, உத்தரவு வந்து போகாம இருந்தா?"

"பதிவு ரத்தாகும்."

"எத்தனை நாளாகும் அதுக்கு?"

"நாளா? ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். மேலே யாராவது ஒருத்தர் தட்டணும், அவ்வளவுதான்." பிறகு ஏதோ தோன்றியவள் போலச் சொன்னாள். "என் தம்பியும் பதிஞ்சிருக்கான் ஐயா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். புத்தி இல்லாதவள் என்று எழுதிக் கொடுக்கிற வழியையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுப்பீங்களாப்பா?"

"தெரியலை கண்ணு. குடுத்தாலும் குடுத்துருவேன். நேத்துலருந்து தூக்கமில்லை. சாப்புட முடியலை."

தர்ஷிகா நெஞ்சின் மேலிருந்த நீலக் காயத்தைத் தடவிக்கொண்டாள்.

"வேண்டாங்கப்பா. நானே போய் ஆமான்னு அழுத்திப்போட்டு வாரேன்."

"நெசமாவா?"

"அன்னைக்குக் கேள்வியை யாரோ மனுசங்க கேக்கறாங்கன்னு நெனச்சுட்டேன். அதான் பதில் சொல்லிட்டு இருந்தேன். கேட்டது லாரி. லாரிகிட்டப் பொய் சொன்னா என்ன?"

செங்கோட்டுவேலுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

*

அடுத்த நாள் அவள் கூண்டுக்குள் போன சுருக்கில் வெளியே வந்தாள். ஜெபராணி எழுந்து வந்து, "சரியான முடிவு" என்றாள். தர்ஷிகா, "ஆமாங்கக்கா" என்றாள்.

மதியம் மூன்று மணி வாக்கில் பைபாஸுக்கு வந்தார்கள். செங்கோட்டுவேலின் கை தானாக நீண்டது. அவள் கையைக் கொடுக்கவில்லை.

"இருங்கப்பா. நிக்குதான்னு பாக்கோணும்."

"வேண்டாஞ்சாமி, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். வந்துகொண்டிருந்த லாரி வேகம் குறைந்தது. நின்றது. கண்ணாடிக்கு மேலிருந்த கறுப்புக் கண்கள் அவளைப் பார்த்தன. செங்கோட்டுவேலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வேகமாக ரோட்டைத் தாண்டி டீக்கடை வாசலுக்கு வந்துவிட்டார். "நின்னுச்சு பாத்தியா நாச்சி!" என்று கத்தினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

தர்ஷிகா பின்னால் வரவில்லை. ரோட்டின் நடுவில், ராணுவ வண்டிகளுக்கென்று மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய தடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்துக்குக் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து பச்சைத் தார்ப்பாய் போட்ட வண்டிகள் வரிசையாக வரும். அந்தத் தடத்தை விட்டு அவை விலகாது. விலக அவற்றுக்கு உத்தரவு இல்லை.

வரிசை வளைவில் திரும்பி வந்தது. முதல் வண்டி அவளுக்கு முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் அடுத்தது. பிறகு அடுத்தது. ஹாரன் இல்லை, திட்டு இல்லை. வளைவுக்கு அப்பால் வரை பிரேக் பிடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஏ புள்ளே! அக்கட்டால வா!" என்று நாச்சிமுத்து அலறினான். "பொம்மையாட்ட நிக்கற!"

"பொம்மைன்னா அடிச்சுட்டுப் போயிருக்கும் மாமா," என்றாள் அவள். குரல் நடுங்கியது.  "இப்ப நான் ஆளு. அதான் நிக்குது."

செங்கோட்டுவேலுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்லத் தெரியாத பெண், ஒரே ஒரு பொய்யை எதற்காகச் சொன்னாள் என்று. அவருக்குக் கோபம் வந்தது. இவளைக் காப்பாற்ற இத்தனை நாள் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தது இதற்கா?

பையில் போன் அடித்தது. ஜெபராணி.

"ஐயா, பொண்ணை உடனே ஓரமா வரச் சொல்லுங்க." மூச்சு வாங்கியது. "மேலே திரையில வந்துருச்சு. பேசிட்டிருக்காங்க. நான் சொல்லிப் பார்த்தேன், சின்னப் பொண்ணு, தெரியாம நிக்குதுன்னு..."

"ரத்து பண்ணிருவாங்களா?"

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தோன்றியது.

அவர் மகளை நோக்கி ஓடினார். "வா கண்ணு, போதும். எல்லாரும் பாத்துட்டாங்க. போதும் வா." கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா."

"அப்ப வா!"

"இங்கிருந்து போனாலும் பயமாத்தான இருக்கும்? நீங்க போங்க." கையை உதறி அவரை மஞ்சள் கோட்டுக்கு வெளியே தள்ளினாள்.

முதல் வண்டியில் சுருக்கமாக ஒரு காற்றுச் சத்தம் கேட்டது. ஓட்டுநராக இருந்த யாருக்கும் அது தெரியும். பிரேக்கை விடுகிற சத்தம். வண்டிக்கு முன்னால் ரோடு காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

செங்கோட்டுவேல் மகளுக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றார். அரை அடி நகர்ந்த வண்டி மறுபடி இறுக்கிக்கொண்டு நின்றது. முன்கம்பியின் சூடு அவர் வயிற்றில் அடித்தது. அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. விலகிவிட வேண்டும் என்றுதான் உள்ளே எல்லாம் கத்தியது. கால் வரவில்லை.

கையிலிருந்த போனில் ஜெபராணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "ஐயா, அடுத்தது நீங்க. உங்க பேரைக் கேட்கிறாங்க. கேட்குதா? உங்க பேரைக் கேட்கிறாங்க."

அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். நாச்சிமுத்து வாசலில் நின்றிருந்தான். ரோட்டில் இன்னும் கால் வைக்கவில்லை. வைப்பானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் பாய்லர் பக்கத்தில் கிடந்த அவன் போன் அடித்தது.

நாச்சிமுத்து எடுத்துத் திரையைப் பார்த்தான். பதிவு அலுவலகத்திலிருந்து. ரோட்டைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். அது அடிக்க அடிக்கவே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினான்.

வண்டியில் மறுபடியும் அந்தக் காற்றுச் சத்தம் கேட்டது.